வரம் கொடுத்தால் விலையும் சொல்!

நாலைந்து பேர் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, பகடை உருட்டிக் கதை வளர்க்கும் ஆட்டம் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. 1974-ல் அமெரிக்காவில் பிறந்தது. ஒருவர் மந்திரவாதி, ஒருவர் திருடன். கதையை நடத்துபவர் டன்ஜன் மாஸ்டர். அவர் வைத்ததுதான் சட்டம்.

இதில் ஒன்பதாம் நிலை மந்திரம் 'விஷ்'. வாயைத் திறந்து கேட்டால் போதும். என்ன கேட்டாலுமா? 'வில்லன் சாகட்டும்' என்று கேட்டு அதுவும் நடந்துவிட்டால், எல்லோரும் எழுந்து வீட்டுக்குப் போக வேண்டியதுதான்!

அதனால் இரண்டு கடிவாளங்கள். ஒன்று, விலை. 2000-ல் வந்த மூன்றாம் பதிப்பில் ஒரு விஷ்ஷுக்கு 5,000 அனுபவப் புள்ளிகள் காலி. 2014-ன் ஐந்தாம் பதிப்பில், எட்டாம் நிலை வரையுள்ள மந்திரங்களின் வேலையைச் செய்யச் சொன்னால் வம்பில்லை. அதைத் தாண்டி ஆசைப்பட்டால், விஷ் ஜென்மத்துக்கும் கைவிட்டுப் போக 33 சதவிகித வாய்ப்பு.

இன்னொன்று, குதர்க்கம். வில்லன் சாகட்டும் என்றால், அவன் உயிரோடு இல்லாத எதிர்காலத்துக்கு உங்களைத் தூக்கிப் போட்டுவிடலாம். 2014 விதிப் புத்தகமே தரும் உதாரணம் இது.

ஒரு தடவை சிரிக்கலாம். தினமும் இதே கூத்தென்றால் ஆடுபவர் வக்கீலாகிவிடுவார். பகலில் கூடாது, இரவில் கூடாது என்று இரணியன் வாங்கிய வரம் மாதிரி, ஒவ்வொரு ஆசையும் பத்திர ஆபீஸ் பாஷையில் வரும். எதிரே இருப்பவர் சிநேகிதர் என்பதே மறந்துபோகும்.

என் ஓட்டு விலைக்குத்தான். மந்திரமே போனாலும் பரவாயில்லை என்று ஒருவன் அழிந்த தன் ஊரைத் திருப்பிக் கேட்கிறான் பாருங்கள், கதை அங்கேதான் சூடு பிடிக்கிறது. டன்ஜன் மாஸ்டர் நாற்காலியில் நீங்கள் உட்கார்ந்தால், பில்லை முதலிலேயே காட்டிவிடுங்கள், ப்ளீஸ்.