சந்தில் யார் தட்டுவார்?

மும்பை செம்பூரில் ஒரு பயிற்சிக் கூடம். மெத்தையில் இரண்டு பையன்கள் கட்டிப் புரள்கிறார்கள். ஒருவன் மற்றவனின் மணிக்கட்டை இரு கைகளாலும் பற்றி, மார்புக்குக் குறுக்கே கால்களைப் போட்டு, முழங்கையை நிமிர்த்துகிறான். அகப்பட்டவன் மெத்தையில் இரண்டு தட்டுத் தட்டுகிறான். உடனே பிடி தளர்கிறது.

பூட்டுக் கலையின் பலம் அந்தத் தட்டலில்தான் இருக்கிறது. குத்தையும் உதையையும் தினமும் முழு வேகத்தில் பழக முடியாது, உடம்பு தாங்காது. ஆனால் பூட்டை, முழு மூச்சாக எதிர்ப்பவர் மீதே நூறு முறை போட்டுப் பார்க்கலாம். 1993 நவம்பரில் டென்வரில் நடந்த முதல் யு.எஃப்.சி. கலப்புச் சண்டைப் போட்டியில், 80 கிலோ எடையுள்ள ராய்ஸ் கிரேசி ஒரே இரவில் மூன்று பேரைப் பணியவைத்தது இந்தப் பழக்கத்தால்தான். நம் தென்மாவட்டத்து அடிமுறைக் கலையிலும் பூட்டும் பிரிவும் உண்டு. பூட்டத் தெரிந்தவன் பிரிக்கவும் தெரிந்திருக்க வேண்டும் என்று சேர்த்தே கற்றுக்கொடுத்தார்கள்.

ஆனால் எதிராளி தட்டாவிட்டால்? 1951இல் ரியோ டி ஜெனிரோவில் ஜப்பானிய ஜூடோ வீரர் கிமுரா, ராய்ஸின் தந்தை ஹீலியோ கிரேசியின் கையை முறுக்கினார். எலும்பு முறிந்தும் ஹீலியோ பணியவில்லை. அவருடைய அண்ணன்தான் துண்டை வீசி ஆட்டத்தை நிறுத்தினார். தெருவில் குடிவெறியில் இருப்பவனும் பணிய மாட்டான், துண்டு வீச அண்ணனும் வரமாட்டார். கையை உடைப்பதா, விடுவதா என்று அந்த நொடியில் நீங்களே முடிவெடுக்க வேண்டும்.

இதைத் தாராவிச் சந்து ஒன்றில் வைத்துப் பாருங்கள். இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்கி நிற்க வேண்டிய அகலம், காலடியில் சாக்கடை மூடிய கல். அங்கே மல்லாந்து படுத்து முழங்கையைப் பூட்டினால் உங்கள் இரண்டு கைகளும் ஒரே வேலையில் மாட்டிக்கொள்கின்றன. எதிராளியின் மறு கை இடுப்புக்குப் போகலாம். அவனோடு வந்தவனின் செருப்பு உங்கள் தலைக்கு அருகில் இருக்கிறது.

கழுத்துப் பிடி இதைவிட வேகமானது, இதைவிடக் கொடியதும் கூட. கழுத்தின் இரு பக்க ரத்தக்குழாய்களும் அழுந்தினால் பத்து நொடிக்குள் நினைவு தப்பும். 2023 மே மாதம் நியூயார்க் சுரங்க ரயிலில், கூச்சலிட்டு மிரட்டிய ஜோர்டன் நீலியை முன்னாள் மரைன் படை வீரர் ஒருவர் பின்னாலிருந்து இறுக்கினார். வண்டி நின்று கதவு திறந்த பின்னும் பிடியை விடவில்லை. நீலி இறந்தார். 2024 டிசம்பரில் அந்த வீரர் வழக்கிலிருந்து விடுதலையானார். போன உயிர் போனதுதான். மாட்டுங்கா வழியாகப் போகும் லோக்கல் ரயிலிலும் இது நடக்கலாம். தேவைக்கு மேல் தீங்கு செய்யத் தற்காப்பு உரிமை இடம் தராது என்கிறது பாரதிய நியாய சன்ஹிதா சட்டத்தின் 37ஆம் பிரிவு.

அதற்காக இந்தக் கலையை ஒதுக்கச் சொல்லவில்லை. கீழே தள்ளி மேலே ஏறி உட்கார்ந்தவனை இடுப்பை உயர்த்திப் புரட்டுவது, மணிக்கட்டைப் பிடித்த கையிலிருந்து கட்டைவிரல் பக்கமாக உருவிக்கொள்வது, எழுந்து ஓடுவது எல்லாம் இந்தக் கலையில்தான் உண்மையாகக் கற்றுக்கொள்ள முடியும். ஒரு பெண்ணுக்கு இதைவிடப் பயனுள்ள பாடம் வேறெந்தச் சண்டைக் கலையிலும் கிடைப்பதாக எனக்குத் தெரியவில்லை. பிள்ளைகளைச் சேர்க்கும் பெற்றோர், முதல் நாளே ஆசிரியரிடம் கேளுங்கள்: பூட்டுவதற்கு எவ்வளவு நேரம், பிரிப்பதற்கு எவ்வளவு நேரம்?