கடற்கரைக்கு வரும் காளிகள்

புரட்டாசி அமாவாசை கழிந்தால் திருச்செந்தூர், உடன்குடி, சாத்தான்குளம், திசையன்விளை வட்டாரத்து டவுன் பஸ்களில் குரங்கு ஏறும். பக்கத்து சீட்டில் ஒரு போலீஸ்காரர் உட்கார்ந்திருப்பார். அவர் தோளில் இருக்கும் நட்சத்திரம் அட்டையில் வெட்டியது. டிக்கெட் கிழிக்கும் கண்டக்டர் இரண்டு பேரையும் நிமிர்ந்துகூடப் பார்க்கமாட்டார். குலசை என்கிற குலசேகரன்பட்டினத்து முத்தாரம்மன் தசராவுக்கு வேண்டிக்கொண்டு வேடம் கட்டியவர்கள் என்று அவருக்குத் தெரியும். அடுத்த வருஷம் அவரே கரடியாக வந்து நிற்கக்கூடும்.

ஆவணியும் புரட்டாசியும் கார், ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர் என்பது தமிழின் பழைய பருவக் கணக்கு. தூத்துக்குடி மாவட்டத்துத் தென்கரைக்கு அது முழுசாகப் பொருந்தாது. தென்மேற்கு மழையை மலை மறித்துக்கொள்ள, காய்ந்த காற்று மட்டும் வந்து தேரிக்காட்டின் செம்மணலை வாரி இறைக்கும். அந்தக் காற்று ஓய்ந்து வடகிழக்குப் பருவமழை பிடிக்கும் வரையிலான இடைவெளியிலும், மழையின் முதல் வாரங்களிலும்தான் இந்தக் கரையின் பெரிய கூட்டங்கள் கூடுகின்றன. மணப்பாட்டில் திருச்சிலுவைத் திருவிழா, குலசையில் தசரா, திருச்செந்தூரில் கந்த சஷ்டி. 2024-இல் இவற்றின் உச்ச நாட்கள் செப்டம்பர் 14, அக்டோபர் 12, நவம்பர் 7. சுமார் 20 கிலோமீட்டர் கரையில் இரண்டு மாதத்துக்குள் மூன்று விழாக்கள்.

மணப்பாடு முந்திக்கொள்ளும். கருமேனி ஆறு கடலில் சேரும் இடத்தருகே, மணற்குன்றின் மேல், 1581-இல் எழுந்த திருச்சிலுவை ஆலயம் நிற்கிறது. புயலில் தப்பிய போர்த்துக்கீசியக் கப்பலின் பாய்மரத்தில் செய்த சிலுவையை அந்தக் குன்றில் நட்டதிலிருந்து ஊர் தன் கதையைத் தொடங்கும். 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்த சவேரியார் தங்கி ஜெபித்ததாகச் சொல்லும் குகையும் அங்கேயே. இங்கே வேடம் கிடையாது, ஜெபமும் பவனியும்தான்.

குலசை வேறு ரகம்.

பாண்டியன் குலசேகரனின் பெயரைத் தாங்கிய பழைய துறைமுகம் இது. துறைமுகம் போய்விட்டது, இப்போது ஊரை வெளியில் அறிவது தசராவால். மைசூருக்கு அடுத்தபடி இதுதான் என்று ஒவ்வொரு வருஷமும் மைக்கில் சொல்வார்கள். கூட்டத்தை வைத்துச் சொன்னால் சரி, மற்றபடி ஒப்பிட ஒன்றுமில்லை. மைசூரில் யானை நடக்கும், ஜனங்கள் வேடிக்கை பார்ப்பார்கள். குலசையில் வேடிக்கை பார்க்க வந்தவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

முத்து என்பது அம்மை முத்து. அதை ஆற்றுகிறவள் முத்தாரம்மன். ஞானமூர்த்தீஸ்வரரோடு ஒரே பீடத்தில் வடக்கு நோக்கி உட்கார்ந்திருக்கிறாள். அவளிடம் வைக்கும் வேண்டுதலும் பெரும்பாலும் உடம்பைச் சுற்றியதே: நோய் தீர வேண்டும், பிள்ளை பிறக்க வேண்டும், பிறந்தது பிழைக்க வேண்டும். அதற்கு ஈடாக உடம்பையே சில நாள் அவளுக்குக் கொடுத்துவிடுவதுதான் வேடம். இதைக் கலை என்று சொன்னால் கட்டியவர் ஒத்துக்கொள்ளமாட்டார். கடனை அடைக்கிறேன் என்பார்.

அதற்கு நாள் கணக்கு உண்டு. 61, 48, 41, 21, 11 என்று அவரவர் வேண்டுதலுக்குத் தக்கபடி மாலை போட்டு விரதம் இருக்கிறார்கள். கொடியேறிய பிறகு கோயிலில் மஞ்சள் காப்பு வாங்கிக் கையில் கட்டிக்கொண்டால்தான் வேடம். காளிக்குக் கட்டுப்பாடு அதிகம். ஊரில் பிறை என்று குடில் போட்டு, தானே பொங்கிச் சாப்பிட்டு, அங்கேயே படுப்பவர்கள் உண்டு.

அந்தப் பிறையிலிருந்து காளி புறப்படுவதைக் கிட்டே நின்று பார்க்க வேண்டும். மளிகைக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். முகத்தில் நீலம் ஏறும். சிவப்புச் சேலை கட்டியதும் ஒருவர் சவுரி முடியைப் பிரித்துக் கோத்துத் தர, இன்னொருவர் கண்மலரும் நெற்றிப்பட்டையும் கட்டுவார். முதுகோடு கூடுதல் கைகளைச் சேர்த்து இறுக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொள்ளச் சொல்வார்கள். வீரப்பல் கடைசியில். அதைக் கவ்விய பிறகு பேச முடியாது. தண்ணீர் கேட்பதும் சைகையில்தான். கிரீடம் தலையில் ஏறிய மறு நிமிஷம், சற்று முன்பு வரை அண்ணாச்சி என்று கூப்பிட்ட பையன்கள் தாயே என்று காலில் விழுவார்கள்.

மற்ற வேடங்களுக்கு இத்தனை கெடுபிடி இல்லை. ராஜா, எமன், குறவன், குறத்தி, நர்ஸ், பைத்தியக்காரர், பிச்சைக்காரர் என்று அருள்வாக்கில் வந்ததையோ நேர்ந்துகொண்டதையோ கட்டுகிறார்கள். மீசையை மழித்துவிட்டுத் தாவணி போடும் கல்லூரிப் பையனைத் தெருவில் யாரும் கேலி செய்வதில்லை. எல்லாவற்றிலும் யோசிக்க வைப்பது பிச்சைக்கார வேடம்தான். மும்பையிலும் சென்னையிலும் சொந்தக் கடை நடத்துகிறவர், ஊருக்கு வந்து கிழிசல் கட்டிக்கொண்டு வீடு வீடாகத் தட்டேந்துகிறார். அந்தக் காசில் ஒரு டீ குடிக்க முடியாது. அது அம்மனின் உண்டியலுக்கு.

தனியாகக் கட்டுபவர்களைவிடத் தசரா குழுவில் சேர்ந்து கட்டுபவர்கள் அதிகம். சின்ன ஊருக்கு ஒரு குழு, பெரிய ஊரில் தெருவுக்கு ஒன்று. குழு என்றால் மேளம் வேண்டும். நையாண்டி மேளம், தப்பு, கரகாட்டம் என்று ஆள் பிடிக்கிறார்கள். வசதியான குழு கேரளத்துச் செண்டையை இறக்கும். கோடை மாதங்களில் அம்மன் கொடை, சுடலை கொடை என்று ஓடிய கலைஞர்களுக்கு இது இரண்டாம் அறுப்பு. வேண்டுதலுக்காக ஆடுகிறவரும் கூலிக்கு ஆடுகிறவரும் ஒரே தெருவில், ஒரே தாளத்துக்கு ஆடுகிறார்கள்.

சிக்கல் முளைப்பதும் இந்த மூட்டில்தான். சினிமா, டிவி நடனக்காரர்களைக் கூட்டிவந்து, இரட்டை அர்த்தப் பாட்டுக்கு ஆடவிடும் பழக்கம் சில குழுக்களில் புகுந்தது. வழக்கு உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போய், ஆபாச ஆட்டத்துக்குத் தடை வந்தது. குறவர் சமூகத்தினரின் நெடுநாள் எதிர்ப்புக்குப் பிறகு, 2023-இல் தமிழக அரசு குறவன் குறத்தி ஆட்டத்தையே தடை செய்தது. மேடையில் ஆடும் குறத்தி வேறு, நேர்ந்துகொண்டு கட்டும் குறத்தி வேறு என்று இந்த வட்டாரத்தில் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் ஒரு சமூகத்தின் பெயரையும் பிழைப்பையும் மற்றவர் வேடமாக்கலாமா என்ற கேள்வி இரண்டு குறத்திக்கும் பொது; பக்தி என்ற பதில் அதற்குப் போதாது.

சாதி அடையாளம் உள்ள கொடி, ரிப்பன், டீசர்ட் கூடாது, இரும்பு வாளும் சூலமும் கூடாது என்று போலீஸ் ஆண்டுதோறும் அறிவிக்கிறது. குலசையில் சாதியே கரைந்துவிடுகிறது என்று உருகி எழுதுகிறவர்கள் இந்த அறிவிப்பையும் ஒருமுறை படித்துவிட்டு எழுதலாம்.

பத்தாம் நாள் நள்ளிரவில் அத்தனை வேடமும் சிதம்பரேஸ்வரர் கோயில் முன்னால் கடற்கரையில் வந்து சேரும். அம்மன் சிம்ம வாகனத்தில் இறங்குவாள். எதிரே மகிஷாசூரன் யானை முகத்தோடும் சிங்க முகத்தோடும் எருமை முகத்தோடும் வந்து வந்து விழுவான். கடைசியில் சேவலாக வருவான். இந்தச் சேவல்தான் வேடிக்கை. தேவி மகாத்மியத்து மகிஷன் சிங்கமாகிறான், யானையாகிறான், சேவலாவதில்லை. சேவலாகிறவன் சூரபத்மன், திருச்செந்தூர்க்காரன். பக்கத்து ஊர்க் கடற்கரையில் முருகன் நடத்தும் சண்டையிலிருந்து குலசை ஒரு சேவலைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டது என்றே தோன்றுகிறது. எந்த ஆகமப் புத்தகமும் இந்த வேலையைச் செய்யாது. அடுத்தடுத்த மாதங்களில் இரண்டு மணலிலும் நின்று பார்த்த ஜனங்கள்தான் செய்திருக்க முடியும்.

2020-இல் கொரோனா இந்தக் கடற்கரையைக் காலியாக்கியது. சம்ஹாரம் கூட்டமில்லாமல் கோயிலோடு முடிந்தது. 2024 பிப்ரவரி 28-இல் இஸ்ரோவின் புதிய ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டியதால் குலசையின் பெயர் வேறு பக்கத்திலும் அடிபடத் தொடங்கியது. இலங்கைக்கு மேலே போகாமல் நேராகத் தெற்கே ஏவலாம் என்பது இந்தக் கரையின் வசதி.

சம்ஹாரத்துக்கு மறுநாள் காப்பு அவிழ்கிறது. அதற்குப் பின் இருபத்தைந்து, இருபத்தாறு நாளில் திருச்செந்தூர்ச் சூரசம்ஹாரம். அங்கே பக்தர்கள் வேடம் கட்டுவதில்லை. ஆறு நாள் விரதத்தைக் கோயில் வளாகத்திலேயே பாய் விரித்து இருந்து முடிக்கிறார்கள். ஆறாம் நாள் சாயங்காலம் கடற்கரையில் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் கூட்டத்தில் குலசையில் பார்த்த முகங்களும் இருக்கும். நீலம் கழுவிய முகங்கள். தூறல் போட்டால் தலையில் துண்டை இழுத்துவிட்டுக்கொண்டு, சேவல் வருகிறதா என்று கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.