ஓடும் மின்னில் செருகும் சில்லுகள்: ஒரு திறனாய்வு

அட்டன், நுவரெலியாப் பகுதித் தேயிலைத் தொழிற்சாலைகளில் நிறப்பிரிப்பு இயந்திரம் இன்று பழகிய பொருளாகிவிட்டது. காம்பையும் நாரையும் ஒளியாற் கண்டு விலக்கும் அதன் திறமெல்லாம் மின்னணுப் பலகைகளிற் பதிந்த இலக்கமுறைச் சில்லுகளைச் சார்ந்தது. அத்தகைய பலகையொன்றை மின்னை நிறுத்தாமலே கழற்றிப் பூட்டலாமோ? 'ஓடும் மின்னிற் செருகலாம்' என்னும் ஒரே தொடரால் இவ்வினாவுக்கு விடையிறுப்பர் சில்லு விற்போர். வேறுபட்ட மூன்று காப்புகளை அத்தொடர் ஒன்றுபோலக் காட்டுகின்றது என்பதே நமது தடை.

காப்பு எதற்கு என்பதை முதற்கண் நோக்குவோம். 74எச்.சி. வரிசைச் சில்லுகளில் உள்ளீட்டு முனையிலிருந்து மின்வழங்கித் தடத்துக்கு ஓர் இருவாயி உண்டு. சில்லுக்கு மின்வழங்கல் இல்லாதபோது அயற்சில்லு உயர்நிலைக் குறியை அனுப்பினால், மின்னோட்டம் அவ்விருவாயி வழியே வழங்கித் தடத்தை அடையும். திண்ணையில் இடங்கேட்டு வந்தவன் பின்கதவால் அடுக்களை புகுந்தது போலாம் இது. சில்லு அரைகுறையாய் விழித்துத் தாறுமாறாய் நடக்கும். சிலவேளை கருகவும் கூடும்.

இதனைத் தடுப்பது முதற் காப்பு. 74எல்.வி.சி. வரிசைச் சில்லுகள் பலவற்றில், வழங்கழுத்தம் சுழியமாயிருக்கையில் முனையிற் கசியும் ஓட்டம் 10 மைக்ரோ அம்பியரை மேவாது. மின் ஏறும் வேளையில் வெளியீடுகளை வாய்திறவாமல் அடக்கிவைப்பது இரண்டாங் காப்பு. முனை பொதுத்தடத்தைத் தொடுமுன்னரே அதனை உயர்நிலைக்கும் தாழ்நிலைக்கும் நடுவான அழுத்தத்துக்கு ஏற்றிவைப்பது மூன்றாவது. 1950 இல் இயங்கத் தொடங்கிய லக்சபானா மின்னிலையம் அட்டனுக்கு அயலிலேயே உள்ளது. மின்பிறப்பாக்கியொன்றை வலையமைப்போடு சேர்க்குமுன் அழுத்தம், மீடிறன், கட்டம் ஆகியவற்றை ஒப்பாக்குதல் மின்னிலையங்களின் மரபு. மூன்றாங் காப்பின் கருத்தும் அதுவே. முதற் காப்பு வந்துசேர்பவனைக் காக்கின்றது. மூன்றாவதோ முன்னரே பேசிக்கொண்டிருப்போரின் பேச்சுக் குழம்பாமற் காக்கின்றது.

விற்போர் உரக்கக் கூறாத எல்லையும் ஒன்றுண்டு. 74எல்.வி.டி.எச். வரிசையின் விவரத்தாள்களை ஊன்றிப் படிப்போர் அதனைக் காண்பர். இரண்டாங் காப்பு வழங்கழுத்தம் 1.5 வோல்ற்றை எட்டும் வரையிலேயே உறுதி. அதற்குமேல், வெளியீட்டை ஆளும் முனையை ஒரு தடையி வழியாக வழங்கித் தடத்துடன் இணைத்து அடக்கிவைத்தல் பலகை அமைப்போன் கடன். புவித்தொடுப்பு முதலிற் பொருந்தவேண்டும் என்பதும் அவன் பொறுப்பே. யூ.எஸ்.பி. செருகியில் மின்முனைகள் தரவுமுனைகளினும் நீண்டிருப்பது இதனாலேயே. இவ்விரண்டையும் மறந்தவனைச் சில்லு காவாது.

இனி, தொழிற்சாலைக்கு எக்காப்பு வேண்டும்? நிறப்பிரிப்பு உலர்த்தலுக்குப் பின்னான வேலை. உலர்ந்த தேயிலை சற்றுக் காத்திருக்கும். ஆகவே ஆங்கு மின்னை நிறுத்திப் பலகையை மாற்றுவதே அறிவு. நொதித்துக்கொண்டிருக்கும் கொழுந்தோ காத்திராது. உலர்த்தியின் கட்டுப்பாடு தடைப்பட்டால், மலைச்சரிவில் ஒரு பகல் முழுதும் கொழுந்து கொய்த பெண்களின் உழைப்பன்றோ தரங்குறையும்? அத்தகைய இடத்துக்குப் பலகை வாங்குவோர் 'ஓடும் மின்னிற் செருகலாம்' என்னும் சொல்லோடு அமையாது, மூன்றனுள் எக்காப்பு உண்டு, எத்தனை வோல்ற்று வரை உண்டு எனக் கேட்டறிதல் வேண்டும்.