செருப்பும் சம்மதமும்

1899இல் ஜாவாவின் ஜொம்பாங் அருகே தெபுஇரெங்கில் பள்ளி நிறுவிய ஹாஷிம் அஷ்அரியே 1926இல் நஹ்தத்துல் உலமா என்னும் பேரியக்கத்தையும் தோற்றுவித்தார் என்பது ஒன்றே, பெசந்திரேன் எனப்படும் இஸ்லாமிய விடுதிப் பள்ளிகள் அத்தீவின் சமய வாழ்வுக்கு எவ்வளவு ஆதாரமானவை என்பதைக் காட்டும். அத்தகைய கல்விமுறையில், பிறர் பொருளைக் கேளாமல் எடுத்துப் புழங்கிவிட்டுத் திரும்ப வைக்கும் ‘கொசொப்’ வழக்கம் சகஜமாகிவிட்டிருப்பது அலட்சியம் செய்யத்தக்கதன்று.

தொழுகை முடிந்து முதலில் வெளிவருபவன் காலுக்கு எட்டிய ரப்பர் செருப்பை மாட்டிக்கொள்கிறான். அதற்குரியவன் அடுத்தவனுடையதை எடுக்கிறான். செருப்பில் கத்தியால் பெயர் செதுக்கி வைத்தவனுக்கும் விமோசனமில்லை. கடைசியில் வருபவன் வெறுங்காலோடு நடக்கிறான். வாளி, சோப்பு, சட்டை யாவற்றுக்கும் இதே கதிதான்.

இவ்வழக்கத்துக்கு ஒரு நற்பக்கமும் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. நம்மூர்ச் சஹன் சாப்பாட்டைப் போல ஒரே தட்டைச் சுற்றியமர்ந்து உண்டு, ஒரே அறையில் நெருக்கியடித்து உறங்கும் பிள்ளைகளிடத்தில் ‘எனது’ என்னும் பிடிவாதம் தளர்வது, பல தர்மோபதேசங்களாலும் எளிதில் கிட்டாத பேறு.

ஆயினும் கேளாமல் எடுப்பது தவறென்பதை அவர்கள் அறியாதவர்களல்லர். மலபாரின் ஜைனுத்தீன் மக்தூம் 16ஆம் நூற்றாண்டில் இயற்றிய ‘ஃபத்ஹுல் முஈன்’ முதலிய கிதாபுகளில், அபகரித்த பொருளைத் திருப்பித் தருவதோடு அதன் தேய்மானத்துக்கும், பயன்படுத்திய காலத்துக்குரிய வாடகைக்கும் எடுத்தவனே பொறுப்பாளி என்ற ஷாஃபி மத்ஹப் என்னும் சட்ட மரபின் விதியை அவர்கள் ஓதுகிறார்கள். உரியவன் மனம் ஒப்புவான் என்று நியாயமாக நம்பத்தக்க இடத்தில் எடுக்கலாம் என்னும் சலுகையும் அச்சட்டத்தில் உண்டு. வழக்கம் உயிர் பிழைப்பது இந்தச் சலுகையின் நிழலில்தான். இரு தோழர்களுக்கிடையே அது பொருந்தும். மூத்தவனிடம் வாய் திறக்க அஞ்சும் இளைய மாணவனின் மௌனத்தைச் சம்மதமென்று கொள்வதோ, சாஸ்திரம் கற்றவன் தன் கல்வியைத் தன் வசதிக்கு வக்கீலாக்குவதன்றி வேறில்லை. ஐவேளைத் தொழுகைக்கு மணியும் மேற்பார்வையும் உண்டு; கொசொப்பைத் தடுக்க அவையில்லை; எல்லோரும் செய்வதால் எவனுக்கும் குற்ற உணர்வும் இல்லை. ஆகவே அனுஷ்டானம் மிகுந்த இடத்தில் நேர்மையும் தானே மிகும் என்று நிர்வாகிகள் நம்பியிருத்தலாகாது.

பிடிபட்ட ஒருவனைத் தண்டிப்பதால் பயன் சிறிது. அறைதோறும் செருப்புத் தட்டும், குளியலறைக்குப் பொதுச் செருப்புகளும் வைத்தால், தேவையினால் நிகழ்வது பெரும்பாலும் குறையும். எஞ்சியதைக் குறைக்க, அபகரிப்பைப் பற்றிய பாடம் நடத்தும் ஆசிரியர், பறிக்கப்பட்ட நிலத்தையே திரும்பத் திரும்ப உதாரணம் காட்டாமல், தம் வகுப்பு வாசலில் அன்று காணாமற்போன செருப்புக்கு வாடகை எவ்வளவு என்று மாணவர்களையே கணக்கிடச் செய்ய வேண்டும்.