பைபைண்ட்11: எழுத லேசு, பார்சல் கட்டத்தான் பாடு

சி++-இல் எழுதிய வேலையைப் பைத்தானிலிருந்து கூப்பிட வேண்டுமென்றால் இன்று பலரும் முதலில் எடுப்பது பைபைண்ட்11. வென்ட்ஸெல் யாக்கோப் 2015-இல் தொடங்கியது; பைடார்ச், சைபை போன்ற பெரிய நூலகங்களே இதைப் பயன்படுத்துகின்றன. அதனால் அடிப்படை விளக்கம் தேவையில்லை. பூஸ்ட்.பைத்தானுக்காக மொத்த பூஸ்ட் தொகுப்பையும் இழுத்துக்கொண்டு அலைந்தவர்களுக்கு, வெறும் ஹெடர் கோப்புகளாக வரும் இந்த நூலகம் எவ்வளவு பெரிய நிம்மதி என்று தெரியும்.

வெள்ளகோவிலில் விசைத்தறிக்காரர்களுக்கு மென்பொருள் செய்து தருகிறேன். பாவு வரிசை, ஊடை வரிசை, டாபி லிஃப்ட் மூன்றையும் கொடுத்தால், பெட்ஷீட் நெய்து வந்தபின் எப்படித் தெரியும் என்று திரையில் காட்டும் நிரல் அது. கணக்குப் பகுதி சி++, திரைப் பகுதி பைத்தான், நடுவில் சில மாதங்களாகப் பைபைண்ட்11. எழுதும்போது இது தருகிற சுகத்தைக் குறை சொல்லவே முடியாது. ஒரு ஃபங்ஷனைப் பைத்தானுக்குக் காட்ட ஒரு வரி போதும். அதற்குரிய ஹெடரைச் சேர்த்துவிட்டால் வெக்டர் தானாக லிஸ்ட்டாகிவிடுகிறது.

தமிழ் விஷயத்தில் அது கொடுத்த சந்தோஷத்தையும் சொல்லியாக வேண்டும். டிசைன் பெயர், பார்ட்டி பெயர் எல்லாம் எங்கள் நிரலில் தமிழில்தான். சி++ பக்கம் யுடிஎஃப்-8 பைட்டுகளாகக் கிடக்கும் பெயரை, எதுவும் சொல்லாமலே பைத்தானின் யூனிகோட் சரமாக மாற்றித் தருகிறது. ‘வெள்ளகோவில்’ என்பது சி++-க்கு 33 பைட். பைத்தானுக்கு 11 குறியீடு. நமக்கு 6 எழுத்து. லேபிளில் இடமில்லை என்று சி++ பக்கம் பெயரை 20 பைட்டில் வெட்டினால் ஒரு குறியீடு நடுவே அறுபடும், உடனே யூனிகோட் பிழை வரும். அதுதான் சரி. சிதைந்த பெயரைச் சத்தமில்லாமல் அச்சடித்து அனுப்புவதைவிட அங்கேயே நிற்பது மேல்.

அந்த 6 எழுத்தை எண்ணித் தர ஓப்பன்-தமிழ் நூலகம் இருக்கிறது. முழுக்கப் பைத்தானில் எழுதியது என்பதால் ஒரே வீல் கோப்பு எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொருந்தும். சி++ உள்ளே வந்த நொடியே இந்த வசதி போய்விடுகிறது. பைபைண்ட்11 மேல் எனக்குள்ள ஒரே பெரிய மனக்குறையும் இங்கேதான் தொடங்குகிறது.

பைபைண்ட்11-இல் கட்டிய வீல் ஒரு பைத்தான் பதிப்புக்கு மட்டுமே. பேல் மேல் ஒட்டுகிற சீட்டுபோல, கோப்பின் பெயரிலேயே பைத்தான் பதிப்பும் இயங்குதளமும் எழுதியிருக்கும், 3.11-க்குக் கட்டியது 3.12-இல் ஏறாது. பைத்தான் 3.2 காலத்திலிருந்தே நிலையான ஏபிஐ என்ற ஏற்பாடு உண்டு. அதற்குள் நின்று எழுதினால் ஒரு வீலே அடுத்தடுத்த பதிப்புகளுக்கும் ஓடும். பைபைண்ட்11 பைத்தானின் உள் அமைப்புகளை நேரடியாகத் தொடுவதால் அந்த ஏற்பாட்டுக்குள் வருவதில்லை.

பெரிய ஊர் அலுவலகங்களில் இது ஒரு பொருட்டே இல்லை. இங்கே அப்படியில்லை. ஒரு தறிக்குடோன் ஆபீசில் விண்டோஸ் 7 ஓடுகிறது. பழைய பில்லிங் மென்பொருள் அதில்தான் இருக்கிறது. “ஓடறத ஓட விடுங்க தம்பி, மாத்தச் சொல்லாதீங்க” என்பார் முதலாளி. அவர் சொல்வதில் நியாயம் உண்டு. விண்டோஸ் 7-இல் ஓடும் கடைசிப் பைத்தான் 3.8, அதற்கான ஆதரவு 2024 அக்டோபரில் முடிந்தது. பக்கத்து ஆபீசில் 3.12, கணக்காளர் மடிக்கணினியில் 3.13. ஒவ்வொன்றுக்கும் தனி வீல். பொருந்தாத வீலைக் கொடுத்தால், இந்த வீல் இந்தத் தளத்துக்கு ஆகாது என்பதோடு பிப் முடித்துக்கொள்ளும். எது பொருந்தவில்லை என்று சொல்லாது.

பொருந்திய பிறகும் ஒரு கண்ணி இருக்கிறது. விண்டோஸுக்கான பைத்தான் தன்னோடு விசிரன்டைம்140 கோப்பைக் கொண்டுவருகிறது. ஆனால் சி++ நிரலுக்கு வேண்டிய எம்எஸ்விசிபி140 அதில் கிடையாது. நம் கம்ப்யூட்டரில் காம்பைலர் இருப்பதால் அது ஏற்கெனவே இருக்கும், எல்லாம் ஓடும். வாடிக்கையாளரிடம் அது இல்லையென்றால் ‘டிஎல்எல் லோட் ஃபெயில்டு’ என்று வரும். எந்த டிஎல்எல் என்று அந்தச் செய்தி சொல்லாது. டெல்வ்வீல் என்ற கருவி, தேவையான டிஎல்எல்களைத் தேடி வீலுக்குள்ளேயே வைத்துவிடுகிறது. பல பதிப்புகளுக்கும் வரிசையாக வீல் கட்டித் தர சிஐபில்ட்வீல் இருக்கிறது. சிமேக்கோடு சேர்க்க ஸ்கிகிட்-பில்ட்-கோர். இந்த மூன்றையும் அமைத்து முடித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. மூன்றுமே அருமையான இலவசக் கருவிகள். ஆனால் லேசான நூலகம் என்று நம்பி வருகிற புதியவருக்கு இந்தச் சுமையை யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை.

பைபைண்ட்11-க்குச் சாதகமாக ஒன்று உண்டு. கட்டும்போது மட்டுமே அது தேவை. வாடிக்கையாளர் கம்ப்யூட்டரில் அதை நிறுவ வேண்டியதில்லை. இணையம் இல்லாத ஆபீசில் பென்டிரைவில் ஒரே கோப்பாகக் கொண்டுபோய் ஏற்றிவிடலாம். 2025-இல் வந்த 3.0 பதிப்பும் பைத்தான் 3.8-ஐக் கைவிடவில்லை என்பது எங்களைப் போன்றவர்களுக்குப் பேருதவி.

அதே யாக்கோப் 2022-இல் கொண்டுவந்த நானோபைண்ட் இன்னும் சிறியது, வேகமானது. பைத்தான் 3.12 முதல் நிலையான ஏபிஐயையும் ஆதரிக்கிறது. சி++17 வேண்டும் என்பதுதான் நிபந்தனை. உங்கள் வாடிக்கையாளர்கள் எல்லோரும் 3.12-ஐத் தாண்டிவிட்டார்கள் என்றால் யோசிக்காமல் அதற்குப் போங்கள். பழைய கம்ப்யூட்டர்களும் கலந்திருந்தால் பைபைண்ட்11தான். ஆனால் இரண்டாவது ஃபங்ஷனை எழுதும் முன்பே ஒரு வீலைக் கட்டி, காம்பைலர் எதுவும் இல்லாத கம்ப்யூட்டரில் ஏற்றிப் பார்த்துவிடுங்கள்.