சாளரம் எதுவரை விரியலாம்?

தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியது 2011-ஆம் ஆண்டில். அவற்றில் விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர், சி-டாக் நிறுவனத்தின் பாஸ் லினக்ஸ் என இரு இயக்க முறைமைகள் இருந்தன. இரண்டிலும் சாளரத்தைப் பெரிதாக்கும் பொத்தான் உண்டு. அதை அழுத்தினால் சாளரம் எதுவரை விரிய வேண்டும்? கேள்வி எளியது. ஆனால் திரையில் எத்தனை வரி படிக்கலாம் என்பதே இதன் விடையைப் பொறுத்தது.

திரையோரத்தில் நிற்கும் கருவிப்பட்டை, தனக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்பதை இயக்க முறைமைக்குத் தெரிவிக்கிறது. முழுத் திரையிலிருந்து அதைக் கழித்தால் எஞ்சுவது வேலைப்பரப்பு. 1995-இல் வந்த விண்டோஸ் 95-இலேயே இம்முறை உண்டு. லினக்ஸிலும் இதற்குப் பொது விதி இருக்கிறது. பெரிதாக்கிய சாளரம் வேலைப்பரப்பை மட்டுமே நிரப்ப வேண்டும். வரப்பு வரை உழலாம், வரப்பையே உழலாகாது. பட்டையும் மறைய வேண்டுமானால் அதற்கு 'முழுத்திரை' என்னும் தனிக் கட்டளை இருக்கிறது. இரண்டையும் குழப்பும் மென்பொருள் பயனரைத் திகைக்க வைக்கிறது.

விதி சரிதான், அதை நடைமுறைப்படுத்துவதில்தான் குறைகள். முதலாவது, பட்டை நிற்கும் இடம். 1366×768 படப்புள்ளித் திரையில் 40 புள்ளி தடிமனுள்ள பட்டை அடியில் நின்றால் 54,640 புள்ளிகளை விழுங்கும். அதே பட்டை பக்கவாட்டில் நின்றால் 30,720 புள்ளிகளே செலவு, உயரமும் குறையாது. அகலத் திரையில் அருமையானது உயரமே அல்லவா? உபுண்டு 2011-இல் பட்டையை இடப்பக்கம் நிறுத்தியது. விண்டோஸ் 10 வரை பயனரும் அவ்வாறு மாற்றிக்கொள்ள முடிந்தது. 2021-இல் விண்டோஸ் 11 வெளிவந்தபோது அவ்வசதி நீக்கப்பட்டிருந்தது. இது முன்னேற்றமாகாது.

இரண்டாவது, தானே மறையும் பட்டை. இடம் மிச்சமாவது உண்மை. ஆனால் கடைசி வரியருகே சுட்டி சென்றதும் பட்டை எழுந்து அவ்வரியையே மூடுகிறது. புதிதாகப் பழகுபவருக்குப் பட்டை இருப்பதே தெரியாது.

மூன்றாவது, இடையில் தோன்றும் கருவிகள். தமிழ்த் தட்டச்சு பழகும் மாணவர் திரை விசைப்பலகையைத் திறக்கிறார். அது சாளரத்தின்மேல் மிதந்தால், அவர் எழுதும் வரியே மறையக்கூடும். விசைப்பலகையும் தன் இடத்தைக் கேட்டுப் பெற வேண்டும். சாளரம் உடனே சுருங்க வேண்டும். அது மூடியதும் பழைய அளவுக்கு விரிய வேண்டும்.

மற்றொன்றும் உண்டு. பெரிதாக்கிய சாளரம் பட்டையில்லாத ஓரங்களை இடைவெளியின்றித் தொட வேண்டும். சுட்டி திரையின் விளிம்பைத் தாண்டிச் செல்லாது. எனவே மூலையிலுள்ள மூடும் பொத்தானைக் குறிபார்க்காமலே எட்டலாம். இலக்கு பெரிதானால் அடையும் நேரம் குறையும் என்று 1954-இல் பால் பிட்ஸ் கண்ட விதியின் பயன் இது. ஒரே ஒரு புள்ளி இடைவெளி விட்டாலும் இந்த வசதி போய்விடும்.

வாசகர்கள் தம் கணிப்பொறியில் ஒரு தமிழ்ப் பாடத்தைத் திறந்து, பெரிதாக்கிய சாளரத்திலும் முழுத்திரையிலும் தெரியும் வரிகளை எண்ணிப் பார்க்கலாம். அந்த வேறுபாடே பட்டைகளுக்கு நாம் கொடுக்கும் விலை.