பம்பாய் பிளேக்கும் ஒரு புகழ்பெற்ற வளைவரையும்

கொள்ளை நோய்களின் கணிதத்தை விளக்கும் பாடநூல்களைப் புரட்டினால் ஒரு வரைபடம் அடிக்கடி கண்ணில் படும். 1905 டிசம்பர் 17 முதல் 1906 ஜூலை 21 வரை பம்பாய்த் தீவில் வாரந்தோறும் பிளேக் நோய்க்குப் பலியானோரின் எண்ணிக்கை அதில் புள்ளிகளாகக் குறிக்கப்பட்டிருக்கும். அப்புள்ளிகளின் ஊடே மணி வடிவில் ஒரு வளைவரை ஏறி இறங்கும். அது வகைக்கெழுச் சமன்பாடுகளைத் தீர்த்துப் பெற்ற வளைவரை. கோடும் புள்ளிகளும் இவ்வளவு அழகாக ஒத்துப் போவதைக் காணும் மாணவர், பிளேக்கின் இரகசியத்தையே கணிதம் கண்டுபிடித்துவிட்டது என்று வியப்பது இயல்பு. அந்த வியப்பு சரிதானா என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சமன்பாடு சொல்வது என்ன?

இந்த வரைபடம் 1927ஆம் ஆண்டில் இலண்டன் ராயல் கழகத்தின் வெளியீட்டில் வந்தது. எழுதியவர்கள் இருவர். ஒருவர் கெர்மாக், எடின்பரோவில் பணியாற்றிய வேதியியல் அறிஞர். 1924இல் ஆய்வுக்கூட விபத்தொன்றில் இரு கண்களையும் இழந்தவர். மற்றவர் மெக்கண்ட்ரிக், இந்திய மருத்துவப் பணியில் இருந்த மருத்துவர். 1901இல் ரொனால்டு ராஸுடன் மலேரியா ஒழிப்புப் பணிக்காக மேற்கு ஆப்பிரிக்காவின் சியரா லியோனுக்குச் சென்றவர். பின்னர் கசௌலியில் பணி புரிந்தவர்.

ஓர் அளவு எவ்வளவு இருக்கிறது என்று நேரடியாகச் சொல்லாமல், அது எவ்வளவு விரைவாக மாறுகிறது என்று சொல்வது வகைக்கெழுச் சமன்பாடு. இவ்விருவரும் மக்களை மூன்று பிரிவாக்கினர்: நோய் தொற்றக் கூடியோர், நோயுற்றோர், நோயிலிருந்து விலகியோர். குணமடைந்தவர், இறந்தவர் ஆகிய இரு சாராரும் விலகியோரே. இனி விதிகள் இரண்டுதான்:

புதிதாக நோயுறும் வேகம் = ஒரு மாறிலி × தொற்றக் கூடியோர் × நோயுற்றோர்.

விலகும் வேகம் = மற்றொரு மாறிலி × நோயுற்றோர்.

இந்த எளிய விதிகளிலிருந்து கிடைத்த முடிவு பெரிது. தொற்றக் கூடியோரின் தொகை ஒரு வரம்புக்குக் கீழே இருந்தால் நோய் பரவவே முடியாது. பரவினாலும், எல்லாரையும் பிடிப்பதற்கு முன்பே அது ஓய்ந்துவிடும். நோய் ஓய்வதற்குக் கிருமி வலுவிழக்க வேண்டியதில்லை. எரிய விறகு குறைந்தாலே போதும். தடுப்பூசியால் ஊர் முழுவதையும் எப்படிக் காக்க முடிகிறது என்பதற்கும் இன்று இதுவே அடிப்படை விளக்கம். அந்தக் கட்டுரையின் பெருமையை நாம் குறைத்துப் பேசவில்லை. நமது ஐயம் வரைபடத்தைப் பற்றியது மட்டுமே.

மூன்று எண்கள் போதும்

அந்த வளைவரையைத் தீர்மானிப்பவை மூன்றே எண்கள். உச்சியின் உயரம், வாரத்துக்கு 890 இறப்பு. உச்சி வரும் நேரம், 17ஆம் வாரம். மூன்றாவது, மணியின் அகலம். உச்சிக்கு ஐந்து வாரம் முன்பும் ஐந்து வாரம் பின்பும் இறப்பு ஏறக்குறைய 374 இருக்கும்படி அந்த அகலம் அமைந்துள்ளது.

இனி நீங்களே எண்ணிப் பாருங்கள். ஒருமுறை ஏறி ஒருமுறை இறங்கும் எந்தப் புள்ளிக் கூட்டத்துக்கும், உயரம், இடம், அகலம் ஆகிய மூன்றையும் நம் விருப்பம்போல் மாற்றிக்கொள்ளலாம் என்றால், ஒரு மணியைப் பொருத்துவது அரிதா? ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். ஆனால், கொள்ளை நோய்க்கு ஒரு பருவத்தின் வளைவரை பதமாகாது. பொருத்தம் நன்றாக இருப்பது சமன்பாட்டைத் தள்ளிவிடாமல் இருக்க ஒரு காரணம். அதை நம்புவதற்கு அதுவே போதிய காரணம் ஆகாது.

அந்த மூன்று எண்களையும் சற்றுக் குறுக்கு விசாரணை செய்வோம். தொடக்கத்தில் வளைவரை வாரத்துக்கு 0.4 என்ற வீதத்தில் பெருகுகிறது. நோய் மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவுகிறது என்றும், ஒருவர் சராசரியாக ஒரு வாரம் பிறருக்குப் பரப்புவார் என்றும் கொள்வோம். அப்படியானால் ஒரு நோயாளி தொடக்கத்தில் சராசரியாக 1.4 பேருக்கு நோயைத் தருகிறார். அத்தகைய நோய், தொற்றக் கூடியோரில் ஏறத்தாழப் பாதிப் பேரைப் பிடித்த பிறகு ஓயும் என்று அதே சமன்பாடு கூறுகிறது. வளைவரைக்கு அடியிலுள்ள பரப்பு, அதாவது மொத்த இறப்பு, சுமார் 8,900. நோயுற்றோரில் நூற்றுக்கு எண்பது, தொண்ணூறு பேர் இறந்ததால், நோயுற்றவர் சுமார் பத்தாயிரம் பேர். அப்படியானால் தொற்றக் கூடியோர் இருபதாயிரம் பேர்தாம்! 1901ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் பம்பாயின் மக்கள் தொகையோ 7 லட்சத்து 76 ஆயிரம். மீதி ஏழரை லட்சம் பேரை நோயிலிருந்து காத்தது எது? சமன்பாட்டில் இதற்கு விடை இல்லை.

எலியும் தெள்ளுப்பூச்சியும் எங்கே?

விடை இல்லாததற்குக் காரணம் உண்டு. நெறிகட்டும் பிளேக் முதன்மையாக மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவும் நோயன்று; அது எலிகளின் நோய். எலி இறந்து உடல் குளிர்ந்ததும், அதன் மேலிருந்த தெள்ளுப்பூச்சிகள் வேறு உடலைத் தேடி வெளியேறுகின்றன. அவை கடிக்கும்போது மனிதருக்கு நோய் தொற்றுகிறது. பிரெஞ்சு மருத்துவர் சீமோன் 1898இல் கராச்சியில் செய்த சோதனை இதைக் காட்டியது. 1905 முதல் பம்பாயில் ஆராய்ந்த பிளேக் ஆய்வுக் குழு இதை ஐயமற நிலைநாட்டியது.

தெள்ளுப்பூச்சியின் பெருக்கமும் ஆயுளும் காற்றின் வெப்பத்தையும் ஈரத்தையும் பொறுத்தவை. ஆகவே, மாறிலி என்று சமன்பாட்டில் எழுதப்பட்ட எண் உண்மையில் மாறிலி அன்று. அது பருவத்தோடு மாறுவது. மணியின் இறங்கு பக்கத்துக்கு விறகு குறைந்ததுதான் காரணமா, வெயில் ஏறியது காரணமா? ஒரே ஒரு மணியைப் பார்த்துக்கொண்டிருந்தால் இதைச் சொல்லவே முடியாது.

அடுத்தடுத்த ஆண்டுகளைப் பார்த்தால் உண்மை வெளிப்படுகிறது. 1896இல் பம்பாயில் புகுந்த பிளேக், அதன்பின் பத்தாண்டுகளுக்கு மேலாக ஆண்டுதோறும் ஏறத்தாழ அதே பருவத்தில் திரும்பத் திரும்ப வந்தது. பாடநூல் காட்டும் மணி, நீண்ட மணிவரிசையிலிருந்து கத்தரித்து எடுத்த ஒன்று. ஆனால், கெர்மாக், மெக்கண்ட்ரிக்கின் எளிய சமன்பாட்டில் ஒரு மணிக்கு மேல் பிறக்க வழியே இல்லை. 2012இல் பிரெஞ்சுக் கணித அறிஞர் நிக்கோலா பக்காயேர் இந்தக் குறையை விரிவாக எடுத்துக்காட்டினார். எலி, தெள்ளுப்பூச்சி, மனிதர் ஆகிய மூன்றையும் பருவ மாற்றத்தோடு சேர்த்து அவர் வேறொரு மாதிரி அமைத்தார். கடத்தும் உயிரியையும் மனிதரையும் தனித்தனிச் சமன்பாடுகளாக எழுதும் முறை புதியதன்று. மலேரியாவுக்கு ராஸ் அதை 1911இலேயே செய்திருந்தார்.

குற்றம் யாருடையது?

நேர்மையாக ஒன்றைச் சொல்ல வேண்டும். மூலக் கட்டுரையின் ஆசிரியர்கள் ஏமாற்றவில்லை. மனிதரின் பிளேக்கை எலிகளின் பிளேக்குக்கு ஒரு நிழலாகவே தாங்கள் கொண்டதாகவும், தாங்கள் வைத்துக்கொண்ட கோட்பாடுகள் எதுவும் முற்றும் பொருந்தாது என்றும் அவர்கள் வெளிப்படையாக எழுதினர். மாறிலிகளின் மதிப்பை இந்தப் பொருத்தத்திலிருந்து முடிவு செய்யக் கூடாது என்றும் எச்சரித்தனர். படத்தை எடுத்துக்கொண்ட பாடநூல்கள் பல, எச்சரிக்கையை விட்டுவிட்டன. குறை அங்கேதான் புகுந்தது. சமன்பாட்டைக் கற்கும் மாணவர் அதன் எல்லையைக் கற்காமல் போகிறார்.

இதே சமன்பாடு மிகப் பொருத்தமாக அமையும் இடமும் உண்டு. 1978 ஜனவரியில் இங்கிலாந்தில் 763 மாணவர் தங்கிப் படித்த ஒரு விடுதிப் பள்ளியில் இன்ஃபுளுயென்சா பரவி, இரண்டு வாரங்களில் 512 பேர் படுக்கையில் விழுந்தனர். மூடிய இடம், நேரடித் தொற்று, குறுகிய காலம், எண்ணித் தெரிந்த மக்கள் தொகை. சமன்பாட்டின் கோட்பாடுகள் இங்கே ஏறத்தாழ நிறைவேறுகின்றன. எனவே, இங்கே பொருத்தத்துக்குப் பொருள் உண்டு. அழகை வைத்துப் பார்த்தால் இரு வரைபடங்களும் ஒன்று. அவற்றின் அடித்தளங்கள் வேறு.

இது பழங்கதை அன்று. 2020இல் கொரோனா பரவியபோது, சில வாரக் கணக்குகளின் மேல் ஒரு மணியைப் பொருத்தி, நோய் முடியும் நாளையே குறித்துச் சொன்னவர்கள் பல நாடுகளில் இருந்தனர். அலைகள் மீண்டும் மீண்டும் வந்தன. இத்தகைய கணக்கை நம்பி மருத்துவமனைப் படுக்கைகளைக் குறைத்தால், அதன் விலையைத் தருபவர் நோயாளியே.

எனவே மாணவ நண்பர்களே, சமன்பாட்டோடு ஒத்துப்போகும் வரைபடம் ஒன்றை அடுத்த முறை காணும்போது மூன்று கேள்விகள் கேளுங்கள். எத்தனை எண்களை விருப்பம்போல் மாற்றி இந்தப் பொருத்தம் பெறப்பட்டது? அந்த எண்கள் வெளியே அளந்தறிந்த உண்மைகளோடு உடன்படுகின்றனவா? வரைபடத்தில் இல்லாத அடுத்த ஆண்டைப் பற்றிச் சமன்பாடு என்ன சொல்கிறது? மூன்றுக்கும் நல்ல விடை கிடைத்தால் அந்தச் சமன்பாட்டை நம்பலாம். கிடைக்காவிட்டால் அதைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. எதை விட்டுவிட்டோம் என்று தேடத் தொடங்கலாம். பம்பாயில் அப்படித் தேடியவர்களுக்கு எலியும் தெள்ளுப்பூச்சியும் பருவமும் அகப்பட்டன.